தேசவழமையும் இன்றைய இல்லறமும்

திருமணம் என்னும் கட்டு நம் காலத்திலேதான் தளரத் தொடங்கியது என்றும், விவாகரத்தும் தனிக்குடித்தனமும் மேல்நாட்டுக் காற்றோடு வந்து நம் குடும்பங்களைக் குலைக்கின்றன என்றும் பெரியோர் பலர் கூறக் கேட்கின்றோம். முன்னோர் வழமை முழுவதும் பெண்ணை அடிமைப்படுத்துவதற்கென்றே எழுந்தது. அதனைக் களைந்தெறிவதே முன்னேற்றம் என்று இளைஞர் சிலர் கூறுகின்றனர். இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டவராயினும் ஒன்றில் ஒன்றுபடுகின்றனர். பழைய வழமை என்பது என்றும் மாறாத ஒரு பொருள் என்றே இருவரும் கொண்டுள்ளனர். உண்மை அதுவன்று. யாழ்ப்பாணத் தமிழரின் திருமண வழமை முந்நூறு ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை எழுத்துச் சான்று கொண்டே காட்டலாம். அம் மாற்றத்தை அறிந்தபின்னரே இன்றைய மாற்றம் நன்றோ தீதோ என்று தீர்ப்புக் கூற நமக்குத் தகுதி உண்டாகும்.

திருமணச் சடங்கு காலத்தால் தோன்றியது என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. உலகில் பொய்யும் குற்றமும் மலிந்த பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியரே கூறிச் சென்றார். ஒருவன் ஒருத்தியை விரும்பி மணந்து, பின்னர் அறியேன் என்று கைவிடும் நிலை நேர்ந்தமையாலே பலர் அறியக் கரணம் வேண்டப்பட்டது என்பது அதன் கருத்து. எனவே திருமண விதி என்பது கைவிடப்படக் கூடியவரைக் காப்பதற்காக எழுந்த வேலி எனலாம். இக் கருத்தை உள்ளத்தில் இருத்தி நம் வழமையை நோக்குவோம்.

மூவகை ஆதனம்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி, ஆள்பதி சைமன்ஸ் இட்ட ஆணைப்படி, இந் நாட்டு வழமைகளைத் திரட்டி 1707 ஆம் ஆண்டு எழுதி முடித்தார். அதனைத் தமிழில் பெயர்த்துப் பன்னிரு முதலிமாரிடம் கொடுத்து, வழமைக்கு ஒத்ததே என்று அவர்தம் ஒப்புதலும் பெறப்பட்டது. இதுவே தேசவழமை. பின்வந்த ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் இதனைச் சட்டமாக ஏற்றனர்.

தேசவழமை சடங்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. தாலி, கூறை, ஓமம் என்பன அதன் நாட்டமல்ல. கணவனும் மனைவியும் கொணரும் ஆதனம் எது, இருவரும் கூடியிருந்து தேடும் ஆதனம் எது, ஒருவர் இறந்தால் எது எவரைச் சேரும் என்பனவே அதன் பெரும்பகுதி. கணவன் தன் குடும்பத்திலிருந்து கொணர்வது முதுசம். மனைவி தன் பெற்றோரிடமிருந்து பெற்று வருவது சீதனம். மணவாழ்வுக் காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். மிகப் பழைய நாளில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வதே முறை என்று தேசவழமை கூறுகின்றது. தேடியதேட்டம் இருபாலார்க்கும் பொது. ஆயினும் ஆண்மக்கள் தம் பங்கைச் சகோதரியரின் சீதனத்துக்கு விட்டுக்கொடுத்தல் கடன்.

இவ்வொழுங்கை ஆராய்ந்தால் ஓர் உண்மை தெளிவாகும். சீதனம் என்பது மாப்பிள்ளையின் விலை அன்று, மகளின் பங்கு. காணியும் வீடும் நகையும் மகளின் பெயருக்கே சீதன உறுதியாக எழுதப்பட்டன. அவ்வுறுதி பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் மீண்டும் பங்கு கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் மணமகன் பெண்வீட்டு வளவிற் சென்று வாழ்வது வழக்கமாயிருந்ததற்கு இதுவே காரணம். மனைவி வாழ்ந்த வீடு அவளுடையது; அயலில் வாழ்ந்தோர் அவள் தாயும் தமக்கையரும். கணவன் இறப்பினும் பிரியினும் அவள் தெருவில் நிற்க நேராது.

இணைந்து வாழ இயலாதவரைப் பற்றியும் தேசவழமை சிந்தித்தது. கருத்து வேற்றுமையால் கணவனும் மனைவியும் பிரிந்திருப்பின் பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நிற்பர் என்றும், அந் நிலையில் மனைவியின் சீதனத்தில் எதனையும் கணவன் பிறர்க்குக் கொடுத்தல் ஆகாது என்றும் அது குறித்துள்ளது. கைம்பெண் மறுமணம் செய்வதையும் அது இயல்பாகவே கொள்கின்றது. மறுமணம் செய்யும் தாய், முதற்கணவன் கொணர்ந்த ஆதனத்தையும் தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளுக்காக உறவினரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பதே அதன் கவலை. இந்தியாவிலே விதவா விவாகத்துக்கு வழிசெய்ய 1856 ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்ததை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம்.

அங்ஙனமாயின் அப் பழைய வழமை குறையற்றதோ எனின், அன்று. மனைவி கணவனின் விருப்புக்கு அடங்கியவள் ஆதலால் அவன் சம்மதமின்றித் தன் சீதனத்தையும் கொடுக்க உரிமையற்றவள் என்று அதே நூல் விதித்தது. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அந் நூலில் இருந்தன. 1844 ஆம் ஆண்டு இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அவ் விதிகள் பயனற்று ஒழிந்தன. அதனால் தேசவழமை அழிந்துவிடவில்லை. தீயதொரு பகுதியை உதிர்த்துவிட்டும் வழமை நிலைத்து நிற்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

குற்றக் கொள்கை வந்த வழி

இன்று விவாகரத்து மேல்நாட்டுச் சரக்கு என்று கூறுவோர், விவாகரத்தை அரிதாக்கிய சட்டமும் மேல்நாட்டிலிருந்தே வந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். போர்த்துக்கேயர் கொணர்ந்த கத்தோலிக்க நெறி மணக்கட்டை இறப்பன்றி வேறொன்றும் அவிழ்க்க இயலாது என்று கொண்டது. ஒல்லாந்தர் கொணர்ந்த சீர்திருத்தச் சமய நெறி இரண்டு காரணங்களுக்கு மட்டும் இடங்கொடுத்தது: ஒருவர் கற்புநெறி தவறுதல், வன்மத்தோடு கைவிட்டுச் செல்லுதல். உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் வாயிலாக இக் கொள்கை இலங்கையில் வேரூன்றியது.

ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இவ்விரண்டோடு, திருமண வேளையிலேயே இருந்த, இல்லறத்துக்கு ஒவ்வாத தீராத உடற்குறையையும் சேர்த்து மூன்று காரணங்களை வகுத்தது. கண்டிச் சிங்களவரும் முஸ்லிம்களும் தத்தம் சட்டங்களுக்கு உட்பட்டோர். ஏனையோர்க்கு, இந்துக்கள் உட்பட, இப் பொதுச் சட்டமே உரியது. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் நம்மை ஆள்வதென்று நம்முள் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. யாழ்ப்பாணத்து இந்துவின் மண ஆதனத்தைத் தேசவழமையும், மணமுறிவைப் பொதுச் சட்டமும் ஆள்கின்றன.

இம் மூன்று காரணங்களிலும் பொதிந்துள்ள கொள்கை ஒன்றே. திருமணம் முறிய வேண்டுமாயின் ஒருவர் குற்றவாளியாதல் வேண்டும். மற்றவர் குற்றமற்றவராதல் வேண்டும். இருவரும் நல்லவரே, ஆயினும் இணைந்து வாழ இயலவில்லை என்று நீதிமன்றத்திற் கூறுவதால் பயனில்லை. 1977 ஆம் ஆண்டு குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை திருத்தப்பட்டபோது நீண்டகாலப் பிரிவும் கருத்திற் கொள்ளப்பட்டது. ஆயினும் குற்றக் கொள்கை முற்றாக அகன்றுவிடவில்லை. இதன் விளைவு யாது? பிரிவதென்று இருவரும் உடன்பட்ட பின்னரும், ஒருவர் மற்றவரைக் கைவிட்ட குற்றத்துக்கு ஆளாக்கி வழக்குத் தொடுப்பர். மற்றவர் மறுமொழி கூறாது ஒதுங்கியிருப்பர். உண்மையை நாடவேண்டிய மன்றிலே பொய்யுரைக்குச் சட்டமே வாயில் திறந்துவைத்தது போலாயிற்று.

இதே தீவில் வேறொரு நெறியும் நிலவியது. கண்டிச் சிங்களவரின் மணமுறையைக் கண்டு வியந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், அங்கே மணம் எளிதிற் கூடுவதும் எளிதிற் பிரிவதும் உண்டென்று 1681 ஆம் ஆண்டு வெளிவந்த தன் நூலில் எழுதினான். மணமகள் கணவன் இல்லம் செல்வது தீக மணம்; கணவன் மனைவி இல்லம் வருவது பின்ன மணம். 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரின் ஒருமித்த சம்மதத்தையே விவாகரத்துக்குப் போதிய காரணமாக ஏற்றது. கண்டிப் பகுதிக் குடும்பங்கள் அதனாற் சிதைந்து போகவில்லை. எனவே எளிய விவாகரத்து கீழைத்தேயப் பண்புக்கு முரணானது என்பாரின் கூற்று நம் நாட்டு வரலாற்றினாலேயே பொய்யாகின்றது.

சட்டம் நின்றது, வாழ்வு நடந்தது

1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகளும் உரித்தும் பற்றிய கட்டளைச் சட்டம், தேசவழமையின் ஒரு பகுதியைத் திருத்தி ஒழுங்குபடுத்தியது. மனைவியின் தனி ஆதனம் அவளுக்கே உரியது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்று அது தெளிவாக்கியது. அது நன்று. ஆனால் அசையா ஆதனத்தை அவள் கையளிப்பதாயின் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்ற விதியையும் அது நிலைநிறுத்தியது. 1923 ஆம் ஆண்டு விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் தென்னிலங்கைப் பெண்ணுக்கு இத்தகைய தளையிலிருந்து விடுதலை அளித்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதன் எல்லைக்குப் புறத்தே விடப்பட்டாள். 1947 ஆம் ஆண்டுத் திருத்தம் தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தை மாற்றியதேயன்றி, கணவன் சம்மதம் என்னும் விதியைத் தொடவில்லை. அவ்விதி ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நின்றது.

சட்டம் நின்றவிடத்தே நிற்க, மக்கள் வாழ்வு நில்லாது நடந்தது. 1931 ஆம் ஆண்டு ஆணோடு பெண்ணும் வாக்குரிமை பெற்றாள். 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி வந்தது. ஆசிரியையாகவும் மருத்துவராகவும் எழுதுவினைஞராகவும் பெண் ஊதியம் பெறத் தொடங்கினாள். அவ்வூதியமும் தேடியதேட்டத்துக்கு ஊற்றாயிற்று. பொதுச் சட்டத்தின்கீழ்ப் பன்னிரண்டு வயதாயிருந்த பெண்ணின் மணவயதின் கீழெல்லை 1995 ஆம் ஆண்டு பதினெட்டாக உயர்த்தப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், வசதியுள்ள துணைவர் எவராயினும் மற்றவரைப் பேணுதல் கடன் என்று கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே பிணைத்தது. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டுக்குள் நடப்பது வீட்டாரின் காரியம் என்ற பழைய மௌனத்தை உடைத்தது.

இவற்றுள் எதனினும் கொடிதாக வந்தது போர். 1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த அப் பேரிடரில் கணவன் இறந்தானோ இருக்கின்றானோ என்று அறியாத மனைவியர் பலராயினர். சீதன உறுதி அப் பெண்ணின் பெட்டியில் உள்ளது. காணி அவளுடையது. பிள்ளையின் படிப்புக்கோ நோய்க்கோ அதனை ஈடுவைக்க விரும்பினால் கணவனின் கையொப்பம் எங்கே என்று நொத்தாரிசு கேட்கின்றார். இருக்குமிடம் தெரியாத கணவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் சம்மதம் அளிக்கலாம் என்று 1911 ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு வழி வைத்தது உண்மையே. ஆனால் தன் காணிக்குத் தானே மனுச் செய்து, வழக்குச் செலவு கட்டி, நாட் கணக்கில் மன்றிற் காத்து நிற்றல் அன்றாடக் கூலியில் வாழும் தாய்க்கு எளிதோ? காணாமற் போனோரின் இறப்பைப் பதிய 2010 ஆம் ஆண்டு தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. இறந்தான் என்று கூற உள்ளம் ஒருப்படாத மனைவியருக்கு ‘காணாமற் போனார்’ என்ற சான்றிதழ் வழங்க 2016 ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டது. கைவிடப்பட்டவளைக் காக்க எழுந்த சீதன வேலி, கணவனை இழந்தவளையே மறிக்கும் தடையாய் நின்றதைக் காணின் நெஞ்சு பதறும்.

மற்றொரு மாற்றம் கடல் கடந்தது. நம்மவர் இலண்டனிலும் தொறன்ரோவிலும் குடியேறினர். ஆங்கிலேயரின் நாடும் நாம் எண்ணுவதுபோல் என்றும் ஒரே நிலையில் இருக்கவில்லை. அங்கே 1857 ஆம் ஆண்டுக்கு முன், விவாகரத்துப் பெற்று மறுமணம் செய்யப் பாராளுமன்றத்தின் தனிச் சட்டம் வேண்டும்; அது செல்வர்க்கே கைகூடும். 1857 ஆம் ஆண்டுச் சட்டமும் கணவனுக்கு ஒரு நீதி, மனைவிக்கு ஒரு நீதி என வகுத்தது; 1923 ஆம் ஆண்டே அது சமனாக்கப்பட்டது. 1969 ஆம் ஆண்டுச் சட்டம் மணம் மீளாவண்ணம் முறிந்ததா என்பதை அளவையாக்கிற்று. 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் குற்றங்கூறாமலே விவாகரத்துப் பெறலாம் என்றாயிற்று. கனடாவில் 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டுப் பிரிவு போதுமானது. நம்மைப் போலவே உரோம ஒல்லாந்தச் சட்டத்தைப் பெற்ற தென்னாபிரிக்காவும் 1979 ஆம் ஆண்டு குற்றக் கொள்கையைக் கைவிட்டது. ஒரே ஊரில் ஒரே பந்தலில் மணமுடித்த இரு சகோதரியருள், தொறன்ரோவில் வாழ்பவள் ஓராண்டுப் பிரிவைக் காட்டி விடுதலை பெறலாம். ஊரில் வாழ்பவளோ கணவனைக் குற்றவாளியாக நிறுவ வேண்டியவள். ஒரு குடும்பத்தை இரு நீதி ஆள்வது எத்துணைப் பெரிய மாறுபாடு!

அச்சமும் அளவுகோலும்

விவாகரத்தை எளிதாக்கினால் சிறு பூசலுக்கும் குடும்பம் பிரியும் என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் முற்றும் வீணன்று. திருமணம் இருவரின் இன்பத்துக்கு மட்டும் ஏற்பட்டதன்று. பிள்ளைகளும் முதிர்ந்த பெற்றோரும் அதன் நிழலில் வாழ்கின்றனர். இருவர் மனம் மாறியவுடனே அந் நிழல் அகன்றுவிடுதல் அறமாகாது. ஆனால் பிரிவு எளிதா அரிதா என்பதொன்றே கேள்வியன்று. பிரிவுக்குப் பின் எவர் நட்டாற்றில் நிற்பர் என்பதே கேள்வி. உள்ளே அன்பு அற்றுப்போன வீட்டின் கதவைச் சட்டம் பூட்டிவைப்பதால் குடும்பம் காக்கப்படுவதில்லை. பிள்ளை தாயின் கண்ணீரையும் தந்தையின் மௌனத்தையுமே கண்டு வளரும்.

சீதனம் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டல் தகும். பழைய சீதனம் மகளின் கையில் நின்ற உறுதி. இக் காலத்தில் ‘நன்கொடை’ என்னும் பெயரால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கைமாறும் பணம் எவ் வுறுதியிலும் எழுதப்படுவதில்லை; மணம் முறியின் மீள்வதுமில்லை. பேச்சுக்கால் நடக்கும்போது அவன் படிப்புக்கு இவ்வளவு, உத்தியோகத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது முன்னோர் வழமையன்று. அது வழமையின் பெயரைத் திருடிக்கொண்ட வாணிபம். சீதன முறையைக் காப்போம் என்று முழங்குவோரும், ஒழிப்போம் என்று முழங்குவோரும் இவ் வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். மகளுக்குப் பங்கு கொடுப்பது காக்கத்தக்கது. மருமகனுக்கு விலை கொடுப்பது ஒழிக்கத்தக்கது.

ஆகவே பழமை, புதுமை என்னும் இரு சொற்களால் இல்லறத்தை அளத்தல் பொருந்தாது. தொல்காப்பியர் காலத்துக் கரணமும், 1707 ஆம் ஆண்டின் தேசவழமையும், நம் காலத்துச் சட்டங்களும் நமக்கு ஓர் அளவுகோலைக் காட்டுகின்றன. கைவிடப்படக் கூடியவரை எவ் விதி காக்கின்றதோ அது பழையதாயினும் போற்றுக. அவரை எவ் விதி தடுக்கின்றதோ அது முன்னோர் எழுதியதாயினும் மாற்றுக. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், சீதனம் மகளின் தனியுரிமை என்பதும், தேடியதேட்டம் இருவர்க்கும் பொது என்பதும் இன்றும் போற்றத்தக்கன. தன் காணிக்குக் கணவனின் கையொப்பம் வேண்டும் என்பதும், பிரிவதற்குப் பொய்க்குற்றம் வேண்டும் என்பதும் நெடுங்காலத்துக்கு முன்னரே நீங்கியிருக்க வேண்டியன.

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. ஆயினும் நம் கல்லூரியின் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் சட்டம் மாறும்வரை காத்திராது செய்யத்தக்கன உள. இங்கு கற்று வெளியேறும் இளைஞன் தன் மணப்பேச்சில் நன்கொடை வேண்டாம் என்று கூற எந்தச் சட்டமும் தடையன்று. மகளைப் பெற்ற பழைய மாணவர், கொடுப்பது யாதாயினும் அதனை மகளின் பெயருக்கே உறுதியாக எழுதலாம். பிரிந்து வாழும் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் ஊராரின் ஏச்சுக்கு விடாது கோயிலிலும் விழாவிலும் விருந்திலும் மற்றையோரோடு ஒப்ப வரவேற்கலாம். நம்மிடையே உள்ள சட்டத்தரணிகள் உறுதிப் பெட்டியோடு வாயிலில் நிற்கும் தாய்க்குக் கூலி பாராது ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். வழமை என்பது மக்கள் வழங்குவதாலேயே வழமையாயிற்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பன்னிரு முதலிமார் தம் காலத்து வழமைக்கு ஒப்புதல் அளித்தனர். நம் காலத்து வழமைக்கு ஒப்புதல் அளிப்போர் நாமே. எதற்கு ஒப்பமிடுகின்றோம் என்பதை அறிந்து ஒப்பமிடுவோமாக.